பிசிறு எந்தப் பக்கம்

அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. அதனால் நானும் சொல்லவில்லை. இளைய பேரரசரின் மனைவி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பன் ரோமில் மூத்த பேரரசருக்கு வலது கையாக இருந்தவன். குளிர்காலத்தில் அந்தக் கையை வெட்டிவிட்டார்கள். பெண்ணைக் கப்பலேற்றி ஏதோ ஒரு தீவில் இறக்கிவிட்டார்கள். அவள் முகமும் பெயரும் எங்கே இருந்தாலும் அழிக்க வேண்டும் என்று, பனி விலகியதும் ஆளுநரின் ஆள் வந்து சந்தையில் வாசித்துவிட்டுப் போனான்.

எங்கள் ஊரில் உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் அவளுக்கு ஒரு சிலை இருந்தது. அதன் தலையை அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். நீர்த்தொட்டிச் சுவரில் பெயர் இருந்தது. அதைக் கல்தச்சன் ஒருவன் கொத்தி எடுத்தான். மீதி இருந்ததெல்லாம் பெண்களின் கழுத்தில்.

கழுத்துக்கு எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் கல்யாணத்துக்கு எங்கள் ஊர் வெண்கலக் காசு அடித்தது. சுத்தியல் பிடித்தவன் நான், தமாஸ். மேல் அச்சைப் பிடித்தவன் என் மனைவியின் அண்ணன் தியோகாஸ். நாங்கள் வெண்கலப் பாத்திரம் செய்கிறவர்கள். ஊர் காசு அடிக்கும்போது மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள். அச்சு வெட்ட ஸ்மிர்னாவிலிருந்து ஒருவன் வந்தான். அவள் முகம் இப்படித்தான் இருக்கும் என்று காட்ட ரோமிலிருந்து வர வேண்டிய சாந்து உருவம் வந்து சேரவில்லை. திருவிழாவோ நெருங்கிவிட்டது. அவன் கையிலிருந்த அவள் மாமியாரின், அதாவது மூத்த பேரரசியின், முகத்தையே எடுத்து, தாடையைக் குறைத்து, கொண்டையைப் பிடரிக்கு இறக்கி, மருமகள் ஆக்கிவிட்டான். ஆக, அந்த முகம் அவளுடையதே இல்லை. அவளை நாங்கள் யாரும் பார்த்ததும் இல்லை. சின்னப் பெண் என்று மட்டும் சொன்னார்கள்.

காசின் மறுபக்கம் எங்கள் ஊர்ப் பேறுகாலத் தேவி எலைத்தீயா, இரண்டு கையிலும் பந்தம் பிடித்து நிற்பாள். சீக்கிரம் வாரிசு வரட்டும் என்று ஊர் சொன்ன வாழ்த்து. ரோமில் வாரிசு வரவில்லை. இங்கே குயவன் பெண்டாட்டி, பிள்ளை தங்காமல் கிடந்தவள், அந்தக் காசில் ஓட்டை போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். அடுத்தது தங்கியது. அவ்வளவுதான். பிள்ளை வேண்டிய ஒவ்வொருத்தியும் ஒரு காசைத் தூக்கிக்கொண்டு செருப்புத் தைப்பவனிடம் போய் நின்றாள். அவன் முகம் மேலே தெரியும்படி காசை வைத்து, ஓரத்தில் ஆணியை நிறுத்தி ஒரே அடி அடிப்பான். அடிப்பக்கம், அதாவது தேவி பக்கம், ஓட்டையைச் சுற்றிப் பிசிறு எழும்பி நிற்கும். அதை ராவித் தரமாட்டான். நூல் கோத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

என் மனைவி அப்பியாவுக்கு இரண்டு தவறியிருந்தது. இரண்டும் பெண். இரண்டும் மூச்சு விடவில்லை. போன திராட்சை அறுப்பின்போது மறுபடி உண்டானாள். அவளுக்கும் ஒரு காசு வேண்டும் என்றாள். நானே ஓட்டை போட்டேன். அப்போது காசில் இருந்தவள் இன்னும் பேரரசர் வீட்டு மருமகள். அந்த முகத்தின் மேல் நான் ஆணி வைத்ததை எவனாவது பார்த்துப் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு பயம். திருப்பிப் போட்டு, தேவி பக்கமிருந்து அடித்தேன். தேவி பொறுத்துக்கொள்வாள், ரோம் பொறுக்காது. பிசிறு முகத்தின் பக்கம் வந்தது. தேவி தோலில் படும்படி அப்பியா கட்டிக்கொண்டதால் அது அவளை உறுத்தவும் இல்லை.

உத்தரவு வந்த மறுநாள் சந்தை அதிகாரி அத்தாலோஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, தூண் மண்டபத்து நிழலில் உட்கார வைத்தார். அவருக்குக் கண் மங்கல். எதையும் மூக்குக்கு நேரே பிடித்துத்தான் பார்ப்பார்.

"அடிச்சவங்களே அழிச்சிருங்க. மொகத்தையும் பேரையும் மட்டும். தேவி மேல ஒரு கீறல் விழக் கூடாது. அது ரோமோட உத்தரவு இல்ல, நம்ம கோயிலோடது" என்றார்.

முதல் நாள் நாங்கள் வழக்கம்போல இரும்பு அடைகல்லின் மேல் காசை வைத்து, முகத்தில் மொட்டை உளியை நிறுத்தி அடித்தோம். முகம் போயிற்று. கூடவே கீழே இருந்த தேவியும் நசுங்கிப்போனாள். ஒரு பெண் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு எங்கள் முன்னால் துப்பினாள்.

"மூஞ்சிய எடுக்கச் சொன்னா தேவியோட முதுகெலும்பையே ஒடச்சு வெச்சிருக்கியே. உன் கை வெளங்குமாடா?"

"காசுக்கு ரெண்டு பக்கம் இருக்கறது என் தப்பா தாயே?" என்றான் தியோகாஸ்.

மாலையில் கோயில் பூசாரியம்மாளே வந்து நின்றுவிட்டாள். அதன் பிறகு பாத்திர வேலைக்கு வைத்திருக்கும், தார் மாதிரியான கீல் சட்டியைக் கொண்டுவந்தோம். கீலைச் சூடாக்கி, இளகியதும் காசைத் தேவி கீழே இருக்கும்படி அமுக்கிவிட்டால், ஆறி இறுகிக்கொள்ளும். தேவி மெத்தையில் படுத்த மாதிரி. மேலே உளியால் முகத்தைச் சீவி எடுத்து, மறுபடி சூடு காட்டிக் காசைப் பிடுங்கி, எண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுத்தோம். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் யாரும் துப்பவில்லை.

எதற்கு அழிக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. காசை நீட்டுவார்கள், காத்திருப்பார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். ஒரு கிழவர் பெரிய வெள்ளிக் காசு ஒன்றை நீட்டினார். தியோகாஸ் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான்.

"தாத்தா, இது மருமக இல்ல. மாமியார். தாடையப் பாருங்க. இவ மேல உளி வெச்சா நம்ம மூணு பேர் மூஞ்சியையும் சீவிருவாங்க. கொண்டு போய் ஒயின் வாங்கிக் குடிங்க."

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"எந்த வீட்டுல ஒண்ணா இருந்திருக்கு? மாமியார் செல்லும், மருமக செல்லாது."

கிழவர் சிரித்தார். தியோகாஸுக்கு வாய் ஓயாது. எனக்கு அது வசதியாக இருந்தது, நான் பேச வேண்டியதில்லை. நாலைந்து நாளில் கை தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கழுத்தில் கிடந்த காசுகள் எண்ணெயும் வியர்வையும் ஏறி, கறுத்துப் போயிருக்கும். இரண்டு பக்கமும் மேடாக ஏதோ இருக்கும், அவ்வளவுதான் தெரியும். ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். அதனால் பெருவிரலால் ஓட்டையைத் தடவுவோம். பிசிறு எந்தப் பக்கம் தட்டுகிறதோ அது தேவி. அதைக் கீழே வைத்துக் கீலில் அமுக்க வேண்டியது. செருப்புக்காரனின் கை ஒரே கை. விரல் ஒரு தடவைகூட ஏமாறவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இதே கையால் அடித்த முகம். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

அப்பியா மட்டும் காசைத் தரவில்லை.

"பொறக்கற வரைக்கும் இருக்கட்டும். பொறந்த அன்னிக்கு நானே அடுப்புல போட்டு உருக்கிடறேன்" என்றாள். பார்லிக் கஞ்சியை என் பக்கம் தள்ளினாள். அவள் சாப்பிடவில்லை.

"அதுக்குள்ள வந்து கேட்டா?"

"வந்து கழுத்துலேர்ந்து பிடுங்கட்டும். நெறமாசக்காரி கழுத்துல கை வெக்கற ஆம்பள யாருன்னு நானும் பாக்கறேன்."

"தேவி போக மாட்டா. மூஞ்சி மட்டும்தான் போகும்."

"அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அப்பன் பண்ணான்."

"அப்ப அப்பன் மூஞ்சிய அழிங்க."

"அவன் மூஞ்சி காசுல இல்ல."

அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் விடவில்லை.

"அது உன்னப் பாத்ததில்ல, நீ அதப் பாத்ததில்ல. அந்த மூஞ்சியே அதோடது இல்ல. மாமியாரோடத வெட்டி ஒட்டினது. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"யாரோடதா இருந்தா என்ன. உண்டானதுலேர்ந்து என்கூடத் தூங்குது. முன்ன ரெண்டு தடவையும் என்கூட யாரு இருந்தா?"

நான் இருந்தேன். அதைச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தாலோஸ் எங்கள் இடத்துக்கு வந்து நின்றார். நெற்றி வேர்த்திருந்தது.

"தமாஸ், உன் வீட்டுக் காசு வந்துச்சா?"

"வந்துரும்ங்க. அவளுக்கு மாசம் நெருங்கிருச்சு, அதான்."

"மாசம் நெருங்கினது எனக்குத் தெரியும். அந்தக் காசு அவ கழுத்துல கெடக்கறது ஊருக்கே தெரியும். ஊரே சுத்தமாயிருச்சுன்னு நான் ஆளுநருக்கு எழுதி அனுப்பணும். அழிக்கறவன் வீட்டுலயே மூஞ்சி இருக்குன்னு ஒருத்தன் போய்ச் சொன்னா மொதல்ல போறது என் தல. ரெண்டாவது உன்னோடது. அப்பறம் பொறக்கறது எங்க பொறக்கும்னு யோசிச்சுக்க."

தியோகாஸ் உளியைத் துணியில் துடைத்துக்கொண்டே, "என் தங்கச்சிகிட்ட நீங்களே கேட்டுப் பாருங்கய்யா. எங்க ரெண்டு பேருக்கும் அந்தத் தைரியம் இல்ல" என்றான்.

அத்தாலோஸ் சிரிக்கவில்லை. நாளைக்கு மதியம் திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பியாவை மாற்றியது அத்தாலோஸ் இல்லை, நானும் இல்லை. மருத்துவச்சி மெல்த்தினே. அன்று மாலை அவள் எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு வயிற்றை அமுக்கிப் பார்க்க வந்தாள். அறுபது வயதிருக்கும். ஊரில் பாதிப் பேரின் தலையை முதலில் தொட்டவள். வயிற்றை மேலும் கீழும் தடவினாள். முகம் மாறவில்லை. பிறகு கழுத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டாள்.

"இத இன்னும் கழட்டலையா நீ?"

"பொறந்ததும் கழட்டறேங்க்கா."

"அப்ப நீயே பெத்துக்க. இந்த மூஞ்சி இருக்கற வீட்டுக்கு நான் வர மாட்டேன். நாளைக்கு எவனாவது கேட்டா, பேறு பாத்தவ பாக்கலன்னு சொல்ல முடியுமா? எனக்குன்னு இருக்கறது இந்த ரெண்டு கைதான்."

"வரலன்னா பரவால்ல. நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துப்ப? குழந்த குறுக்க கெடக்குது. நான் திருப்பலன்னா அது வராது. நீயும் வர மாட்ட."

மெல்த்தினே கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வெளியே ஆடு கத்திக்கொண்டிருந்தது. அப்பியா தலைக்கு மேலாகக் கயிற்றைக் கழற்றி என் கையில் வைத்தாள். காசு சூடாக இருந்தது.

"அண்ணன்கிட்ட குடுங்க. நீங்க அடிக்காதீங்க."

"ஏன்?"

"பெத்தவன் அடிக்கற அடி வயித்துல விழும்."

"நான் நாள் முழுக்க அடிச்சிட்டுத்தானே இருக்கேன்."

"அது ஊரான் காசு. தேவி மேல ஒண்ணும் படக் கூடாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க. அவ மட்டுமாவது இருக்கணும்."

மறுநாள் காலையில் கூட்டம் அதிகம். பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் வந்து மண்டபத்துப் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் காசைத் தியோகாஸிடம் கொடுத்து, அவள் சொன்னதைச் சொன்னேன்.

"தங்கச்சிக்குத் தெரியாம ஒரு கீறல் விழுமா? விழுந்தா என்னயக் கீலுல வெச்சுச் சீவிருவா" என்றான்.

காசை அவன் கல்லின் ஓரத்தில் தனியாக வைத்தான். மதியம் வரை அதைத் தொடவில்லை. அத்தாலோஸின் ஆள் தூரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு வருவது தெரிந்ததும்தான் எடுத்தான். நான் என் சட்டியில் வேறொருத்தியின் காசை வைத்துக்கொண்டிருந்தேன். அப்பியா சொன்னதால் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. கீல் கொதிக்கும் சத்தம். பிறகு உளி. குறுக்கே மூன்று வெட்டு, பிறகு சீவல். எல்லாக் காசுக்கும் ஒரே தாளம்தான். நானும் அதே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் தாளம் நின்றது. என்னுடையது நிற்கவில்லை.

"மாப்ள" என்றான் தியோகாஸ்.

திரும்பினேன். அவன் காசைக் கீலிலிருந்து பிடுங்கி, எண்ணெய்த் துணியால் துடைத்திருந்தான். துணிக்கு நடுவில் கொண்டை, நெற்றி, மூக்கு. அந்த முகம் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அவன் திருப்பினான். மறுபக்கம் புதுச் செம்பு நிறத்தில் மின்னியது. பந்தமும் இல்லை, தேவியும் இல்லை.

"பிசிறு..." என்றான். பெருவிரலால் ஓட்டையைத் தடவிக்கொண்டே இருந்தான். "பிசிறு இந்தப் பக்கம்தானே இருந்துச்சு? அதத்தான கீழ வெச்சேன்?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆணியைத் திருப்பி அடித்தவன் நான். அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அத்தனை நாள் அத்தனை காசு தடவியும், என் வீட்டுக் காசு மட்டும் வேறு மாதிரி என்று என் விரலுக்கு ஒரு தடவைகூட நினைவு வரவில்லை.

அத்தாலோஸ் மண்டபத்துப் படி ஏறிக்கொண்டிருந்தார்.

நான் காசை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். கீல் இன்னும் இளகியிருந்தது, ஆறக் காத்திருக்காமல் அமுக்கினேன். முகம் மேலே. மூன்று வெட்டு. கண், காது, கொண்டை. சீவினேன். தியோகாஸ் சும்மா உட்கார்ந்திருந்தான். பெத்தவன் அடிக்கற அடி என்று அப்பியா சொன்னது காதில் இருந்தது. அடித்தேன்.

அத்தாலோஸ் வந்து கையை நீட்டினார். கொடுத்தேன். மூக்குக்கு நேரே பிடித்து ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி இன்னொரு பக்கம் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

"இதுல எது மொகம்?"

"இப்பப் பாத்தீங்களே, அதுங்க."

"தேவி எங்க?"

"தோலோட தோலாத் தேஞ்சு போச்சுங்க. குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டா."

தேய்ந்த வெண்கலம் இப்படி மின்னாது. அது அவருக்கும் தெரியும். பூசாரியம்மாளைக் கூப்பிடுவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சற்று நேரம் காசைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஆட்டினார்.

"மொகம் இல்லல்ல?"

"இல்லீங்க."

"அது போதும்" என்று காசை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். எழுதி அனுப்பும் அவசரம் அவருக்கு.

தியோகாஸ் கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"மாப்ள, வேற ஒண்ணு எடுத்துட்டுப் போ. அந்தக் கூடையில கேக்க ஆளில்லாம கெடக்கு பாரு. தேவி முழுசா இருக்கற மாதிரி ஒண்ணு."

"ஓட்டையத் தடவினா அவளுக்குத் தெரியும்."

"அப்ப என்னன்னு சொல்லுவ?"

"எதையும் சொல்ல வேண்டாம். கையில குடுப்பேன்."

கொடுத்தேன். அப்பியா கதவு வெளிச்சத்துக்குக் கொண்டுபோகவில்லை. உள்ளே உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் விரலால் தடவினாள். மறுபடி தடவினாள்.

"அண்ணனா?"

"ஒரு பக்கம் அவன். ஒரு பக்கம் நான்."

"உங்களோடது எது?"

"மூஞ்சி."

"அப்ப தேவி அவன்." அவள் வாயோரம் லேசாகக் கோணியது. "சின்னப்புள்ளையிலயும் அப்படித்தான். ஆட்ட அறுடான்னா கயித்த அறுப்பான்."

"தப்பு என்னோடது. ஆணிய நான்தான் திருப்பி அடிச்சேன். அவனுக்குத் தெரியாது."

அவள் தகட்டை வயிற்றின் மேல் வைத்தாள். அது மூச்சோடு ஏறி இறங்கியது.

"அந்தப் பொண்ணும் போயாச்சு. இவளும் போயாச்சு. இனி நானும் மெல்த்தினே அக்காவும்தான்" என்றாள். பிறகு, "கட்டுங்க" என்று கழுத்தைக் காட்டினாள்.

மறுநாள் வெயில் ஏறும்போது வலி எடுத்தது. மெல்த்தினே பேறு நாற்காலியை ஒருவன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று அப்பியாவின் கழுத்தை எட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

வழக்கப்படி வீட்டில் இருந்த முடிச்செல்லாம் அவிழ்க்கச் சொன்னாள். முடிச்சு இருந்தால் வயிறு திறக்காது. அப்பியாவின் கூந்தலை அவிழ்த்தாள், இடுப்புக் கச்சையை அவிழ்த்தாள், கழுத்துக் கயிற்றையும் அவிழ்த்தாள். வெறும் தகட்டை மட்டும் அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். வெளியே நான் ஆட்டின் கயிற்றை அவிழ்த்தேன், பெட்டியின் தாழைத் திறந்தேன், மூட்டைகளின் கட்டைப் பிரித்தேன். தியோகாஸ் தன் செருப்பு வாரை அவிழ்த்துவிட்டு வெறுங்காலோடு சுவரோரம் உட்கார்ந்தான்.

ஆடு தெருவில் போய்விட்டது. யாரும் பிடிக்கப் போகவில்லை.

சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முன்பு இரண்டு தடவையும் கேட்ட அதே சத்தம். அதன் முடிவில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்பதுபோல உட்கார்ந்திருந்தேன். எலைத்தீயாவைக் கும்பிடலாம் என்று நினைத்தேன். எந்த முகத்தோடு கும்பிடுவது என்று விட்டுவிட்டேன். என் வலது கை சும்மா இருந்தாலும் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று வெட்டு, பிறகு சீவல்.

"நிறுத்து மாப்ள அத" என்றான் தியோகாஸ்.

நிழல் எதிர்ச் சுவரில் ஏறும்போது உள்ளே சத்தம் நின்றது. தியோகாஸ் எழுந்து நின்றான். நான் எழவில்லை. இரண்டு தடவை இந்த அமைதியைக் கேட்டிருக்கிறேன். ஏதோ தண்ணீரில் விழும் சத்தம். மெல்த்தினே யாரையோ திட்டும் சத்தம். பிறகு, கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி, சிறிதாக, கோபமாக ஒரு அழுகை.

தியோகாஸ் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆடு எங்கே போயிருக்கும் என்று யோசனை போயிற்று.

மெல்த்தினே வெளியே வந்து ஒரு பிடி ஆட்டு ரோமத்தை என்னிடம் கொடுத்தாள். பெண் பிறந்தால் வாசலில் ரோமம் கட்டுவோம்.

"ரெண்டும் நல்லாருக்கு. கைய விரிச்சே குடுக்கல அவ. நான்தான் பிரிச்சேன், பாரு" என்றாள்.

உள்ளே அப்பியா வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். உள்ளங்கையில் வட்டமாக ஒரு வெட்டு, ரத்தம் உறைந்திருந்தது. நான் அவசரத்தில் சீவியதில் பிசிறில் பாதி மிஞ்சியிருந்தது. அது கிழித்திருக்கிறது.

"இந்தத் தடவ யாரும் கூட இல்ல" என்றாள். குழந்தையை என் பக்கம் நகர்த்தினாள். நான் ஒரு விரலால் தொட்டேன்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். மெல்த்தினே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் முடிந்திருக்கும். அவள் போன வீட்டிலெல்லாம் சொன்னாள். குறுக்கே கிடந்தது, ரெண்டு தவறினவள், கையில் வெறும் தகடு, கத்திக்கொண்டு வந்தது பிள்ளை. திருப்பியது அவள் கைதான். ஆனால் கேட்டவர்கள் காதில் தகடு மட்டும்தான் விழுந்தது.

பத்தாம் நாள் பெயர் வைத்தோம். அதற்கு மறுநாள் நாங்கள் பட்டறையில் அண்டாவுக்குக் கைப்பிடி பொருத்திக்கொண்டிருந்தபோது வண்ணான் பெண்டாட்டி வந்தாள். நாங்கள் முகத்தை அழித்துக் கொடுத்த காசை நீட்டினாள்.

"மறுபக்கத்தையும் எடுத்துக் குடுங்க."

"மறுபக்கம் தேவி."

"தெரியும். அப்பியாவுக்கு எடுத்தீங்கல்ல."

"அது தப்பா நடந்துபோச்சும்மா."

"தப்பா நடந்தா என்ன, நடந்துச்சுல்ல."

தியோகாஸ் உளியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வெளியே போனான். அன்றிலிருந்து அவன் காசைக் கையால் தொடுவதில்லை. நான் அவளைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களையும் அனுப்பினேன். தேவியை அழித்தால் கோயிலுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அவர்கள் போகவில்லை, வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். வெறும் தகடு ஒன்று வெட்டித் தருகிறேன், கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அது வேண்டாம், அழித்ததுதான் வேண்டும் என்றார்கள்.

மாலையில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு, வேலைக்காரியோடு வந்தாள். துணியை விலக்கியதும் தெரிந்தது, அத்தாலோஸின் மருமகள். வயிறு மேடிட்டிருந்தது. கழுத்துக் காசைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"மாமனாருக்குத் தெரியுமா?" என்றேன்.

"அவரு கேக்கல, நான் சொல்லல. அவருக்குப் பேரன் வேணும்."

வாசலில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

நான் கீலைச் சூடாக்கினேன். காசை எடுத்துப் பெருவிரலால் ஓட்டையைத் தடவினேன். செருப்புக்காரனின் ஆணி. பிசிறு இருக்கும் பக்கம் தேவி. இந்தத் தடவை விரலை நம்பாமல் துடைத்துக் கண்ணாலும் பார்த்தேன். இரண்டு பந்தமும் தெளிவாக இருந்தன. நான் அடித்ததுதான், நல்ல அடி. முகம் இருந்த பக்கத்தைக் கீழே வைத்துக் கீலில் அமுக்கினேன். ஆறும்வரை காத்திருந்தேன்.

முதல் வெட்டு பந்தங்களுக்குக் குறுக்கே விழுந்தது. வாசலில் இருந்தவர்கள் எழுந்து, வந்த முறைப்படி வரிசையில் நின்றார்கள்.